அடுப்பு பற்றவைக்காத விருந்து

கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் சனிக்கிழமை காலை கூடும் உழவர் சந்தையில், கீரை விற்பவர் ஈரம் சொட்டும் கட்டு ஒன்றை உதறி மேசைமேல் வைக்கிறார். நூல் நூலாகப் பிரிந்த பச்சைத் தழை. அந்த உதறலில் எழும் வாசனை, ஒட்டன்சத்திரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்குக் கூட்டிப்போகிறது. ஒன்று, தம்பி பிறந்திருந்த சமயம் அம்மாவின் பாயருகே எப்போதும் நின்றுகொண்டிருந்த கிரைப் வாட்டர் பாட்டில். இன்னொன்று, கொலீட்டாவில் பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டியின் சமையலறை. அங்கே இதே தழையைக் கோப்பைக்குள் பிடித்துக் கத்தரிக்கோலால் பொடிப்பொடியாக வெட்டிக்கொண்டிருந்த கைகள்.

கிரைப் வாட்டரில் சேர்ப்பது சதகுப்பை விதையின் எண்ணெய். சந்தையில் டில் என்று சொல்லி விற்பது அந்தச் சதகுப்பையின் இளந்தழை. நாட்டு மருந்துக் கடையில் பொட்டலமாக மட்டுமே பார்த்திருந்த ஒன்று, தழைத்துப் பசேலென்று உணவு மேசைக்கு வரும் என்பது இவருக்குக் கொலீட்டாவுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

இவருடைய அப்பாவுக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் மண்டி. விடியுமுன் தக்காளியும் முருங்கையும் வெண்டையும் வந்து இறங்கும். கொடைக்கானல் மலையிலிருந்து கேரட்டும் பீன்ஸும் வரும். வெயில் ஏறுவதற்குள் பாதிச் சரக்கு லாரியேறிக் கேரளாவுக்குக் கிளம்பிவிடும். பள்ளிக்கூடம் போகும் வழியில் மண்டியில் நின்று, எந்தக் காய் முதல் ரகம், எது கழிவு என்று கண்ணாலேயே சொல்லிவிடுகிற பெண்ணாக வளர்ந்தவர் இவர். ஆனாலும் வீட்டில் காய் என்றால் வேக வேண்டும், வதங்க வேண்டும், கடுகு வெடிக்க வேண்டும். பச்சையாகத் தின்றதெல்லாம் விளையாட்டுப் பண்டமாகத்தான். கோடையில் பேருந்து நிலையத்தில் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தரும் வெள்ளரிப்பிஞ்சு, மண் போகத் தாவணியில் துடைத்துக் கடித்த மலைக் கேரட், ராமநவமிக்குக் கோயிலில் தரும் பாசிப்பருப்புக் கோசுமல்லி. விருந்தாளிக்கு முன்னால் வேகாத காயை வைப்பது என்பது யாருக்கும் தோன்றியிருக்காது.

கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை கிடைத்து, கொலீட்டாவில் குடியேறிய புதிது. சுற்றிலும் எலுமிச்சைத் தோப்பும் அவகாடோ தோப்பும் இருந்த ஊர். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த அந்தப் பாட்டி வேலியோரம் வந்து நின்று, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு பேர் வருகிறார்கள், நீங்கள் இருவரும் வாருங்கள் என்று கூப்பிட்டார். இவர் சைவம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "அப்படியானால் உனக்குத்தான் முதல் தட்டு" என்றாராம்.

போய்ப் பார்த்தால் அடுப்பங்கரையில் எதுவும் கொதிக்கவில்லை. நீண்ட மேசையின் நடுவில், பெரிய வெள்ளைத் தாம்பாளத்தில் நொறுக்கிய பனிக்கட்டி. அதன்மேல் விரல் நீளத்துக்குச் சீவிய கேரட், இலையோடு நின்ற செலரித் தண்டு, பூப்போல விரிந்த சிவப்பு முள்ளங்கி, வில்லை வில்லையாக வெள்ளரி, முழுசாக வைத்த பட்டாணிக் காய்கள், வெள்ளை வெளேரென்று காலிஃபிளவர். நடுவில் நீலக் கிண்ணத்தில் கெட்டியாக வெண்ணிறக் கலவை, அதில் பச்சைப் பொட்டுகள். வந்தவர்கள் ஆளுக்கொரு சிறு தட்டை எடுத்துக்கொண்டு, நின்றபடியே தொட்டுக் கடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கறுக் கறுக்கென்ற சத்தம் அறை முழுக்க.

இவர் முதலில் எடுத்தது முள்ளங்கி. சில்லென்று இருந்தது. காரல் வந்தது. அதன் பின்னாலேயே புளித்த பாலாடையின் கொழுப்பும் பூண்டும் சதகுப்பையின் மணமும் வந்து அந்தக் காரலை அணைத்துக்கொண்டன. மண்டிக்காரர் மகளுக்கு அப்போதே ஒன்று புரிந்துவிட்டது. இந்தத் தட்டில் காய்க்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. புளி இல்லை, மிளகாய் இல்லை, தாளிப்பு இல்லை. முற்றிய காயோ, நேற்று வாங்கி வாடிய காயோ இங்கே நிற்காது. சமைக்காத விருந்து என்று அவர் நினைத்தது, தேர்ந்தெடுப்பதிலும் கழுவுவதிலும் நறுக்குவதிலும் குளிர வைப்பதிலுமாக ஒரு பகல் முழுக்க உழைத்து வாங்கிய விருந்து.

அந்தப் பாட்டி பிறந்தது மிச்சிகன் மாநிலத்தில் கலமசூ நகருக்குப் பக்கத்தில். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஹாலந்திலிருந்து குடியேறியவர்கள் அங்கிருந்த சதுப்பு நிலத்தை வடித்து, கறுத்த வளமண்ணில் செலரி பயிரிட்டார்கள். ஊருக்கே செலரி நகரம் என்று பெயர். ரயில் நிற்கும் இடத்தில் செலரிக் கட்டுகளை ஓடி ஓடி விற்பார்களாம். அன்றைய செலரி இன்றுபோல் பச்சையாக இராது. வளரும் தண்டைச் சுற்றி மண் அணைத்தோ பலகை சாத்தியோ வெயில் படாமல் மறைத்து, வெளுத்து மென்மையாக வளர்ப்பார்கள். ஆள்கூலி அதிகம் பிடித்த பயிர். அதனால் விலையும் அதிகம். அமெரிக்கப் பணக்கார வீடுகளில் செலரியை நிற்க வைப்பதற்கென்றே உயரமான கண்ணாடிக் குவளைகள் இருந்தன. பூச்சாடி வைக்கும் இடத்தில், விருந்து மேசையின் நடுவில், தண்ணீரில் நிற்கும் செலரி. பின்னாளில் வெளுக்க வைக்கத் தேவையில்லாத பச்சை ரகங்கள் வந்து செலரி மலிவானபோது, குவளைகள் அலமாரிக்குள் போயின.

பாட்டியிடம் அப்படி ஒரு குவளை இருந்தது. அவருடைய பாட்டியின் சொத்து. நன்றி தெரிவிக்கும் நாளன்றும் கிறிஸ்துமஸ் அன்றும் மட்டும் அதை வெளியே எடுத்து, செலரியை நிறுத்தி, பக்கத்தில் ஆலிவ்காயும் ஊறுகாய் வெள்ளரியும் சின்னத் தட்டில் வைப்பார். அவர் சிறுமியாக இருந்தபோது அவர்கள் வீட்டில் விருந்துத் தட்டு என்றால் அவ்வளவுதான். தொட்டுக்கொள்ள உப்பு மட்டும். கெட்டிக் கலவை வந்ததெல்லாம் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, வீட்டுக்கு வீடு குளிர்ப்பெட்டி வந்த காலத்தில். 1950களில் பாக்கெட்டில் விற்ற லிப்டன் வெங்காய சூப் தூளைப் புளித்த பாலாடையில் கலக்கிவிட்டால் போதும் என்று யாரோ கண்டுபிடிக்க, அது கலிபோர்னியா டிப் என்ற பெயரில் நாடெங்கும் பரவியது. கூடத்தில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே கையால் எடுத்துத் தின்ன வசதியான பண்டங்களுக்கு அப்போது பெரிய கிராக்கி.

அடுத்த விருந்துக்கு முன்னால் இவர் காலையிலேயே போய், "நான் நறுக்கித் தருகிறேன்" என்று நின்றார். அங்கே ஆரம்பித்தது பாடம்.

பாட்டி செய்த முதல் வேலை, அகலமான பாத்திரத்தில் தண்ணீரும் பனிக்கட்டியும் நிரப்பியது. நறுக்க நறுக்க கேரட்டும் செலரியும் முள்ளங்கியும் அதில் போய் விழ வேண்டும். அரை மணி நேரமாவது கிடக்க வேண்டும். செடியிலிருந்து பறித்த நிமிஷத்திலிருந்து காயின் செல்கள் தண்ணீரை இழந்துகொண்டே வருகின்றன. குளிர்ந்த நல்ல தண்ணீரில் போட்டால் செல்லுக்குள் மறுபடி நீர் ஏறி, சுவர்கள் விறைத்து நிற்கின்றன. கடிக்கும்போது வரும் சத்தம் அந்த விறைப்பு உடையும் சத்தம்தான். முள்ளங்கிப் பூவின் ரகசியமும் அதுவே. மேலிருந்து கீழாகக் காம்பு வரை போகாமல் கீறி நீரில் விட்டால், உள்ளே இருக்கும் வெண்சதை நீரைக் குடித்து ஊதும், தோல் அந்த அளவுக்கு விரியாது, ஆகவே இதழ்கள் வெளிப்பக்கம் வளைந்து மலரும். கத்தி பாதி வேலைதான் செய்கிறது, மீதியைத் தண்ணீர் செய்கிறது.

செலரியின் முதுகில் ஓடும் நாரை, அவரைக்காய்க்கு உரிப்பதுபோலவே நுனியில் கிள்ளி நீளமாக இழுத்துவிட வேண்டும். இதை இவர் யாரும் சொல்லாமலே செய்ததைப் பார்த்துப் பாட்டிக்கு வியப்பு. புரோக்கோலியையும் பீன்ஸையும் அஸ்பாரகஸ் தண்டையும் பாட்டி முழுப் பச்சையாக வைக்கமாட்டார். உப்புப் போட்டுக் கொதிக்கும் நீரில் ஒரே ஒரு நிமிஷம், உடனே பனிநீர். திசுக்களுக்கு இடையே இருந்த காற்று வெளியேறிவிடுவதால் பச்சை நிறம் திடீரென்று பளிச்சிடும், மொறுமொறுப்பும் கெடாது. ஆனால் பட்டாணியை மட்டும் தொடக்கூடாது. தோலோடு தின்னும் அந்தக் கொழுத்த இனிப்புப் பட்டாணி புது வரவு. ஐடஹோ மாநிலத்தில் கால்வின் லாம்போர்ன் என்ற பயிர் ஆய்வாளர் ஒட்டுச்சேர்த்து உருவாக்க, 1979இல் சந்தைக்கு வந்தது. தட்டில் முதலில் தீர்ந்துபோவது அதுதான்.

எல்லாவற்றையும் பனிநீரிலிருந்து எடுத்ததும் துண்டை விரித்து ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் கலவை ஒட்டாமல் வழிந்துவிடும். இந்த ஒரு வேலையைத்தான் எல்லோரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள் என்று பாட்டி ஒவ்வொரு முறையும் சொல்வார். இன்று இவர் தன் மகளுக்கும் பேத்திக்கும் ஒவ்வொரு முறையும் சொல்வது அதையே.

கலவைக்கு வருவோம். ஒரு கப் சவர் கிரீம், அரை கப் மயோனைஸ், கால் கப் பட்டர்மில்க். பட்டர்மில்க் என்றதும் மோர் என்று எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. அங்கே அட்டைப் பெட்டியில் வருவது, பாலில் நுண்ணுயிர் சேர்த்துப் புளிக்கவைத்த கெட்டித் திரவம். நம் வீட்டில் கடைந்து வெண்ணெய் எடுத்தபின் நிற்கும் நீர்மோரை ஊற்றினால் கலவை நெகிழ்ந்து ஓடிவிடும். சவர் கிரீம் என்பதும் அதேபோல் புளித்த பாலாடை, பதினெட்டு சதவீதமாவது கொழுப்பு இருந்தால்தான் அந்தப் பெயரில் விற்க முடியும். பூண்டு ஒரே ஒரு பல், உப்போடு சேர்த்துக் கத்தியின் அடிப்பக்கத்தால் மசிய அரைக்க வேண்டும். ஒன்றுக்கு மேல் போனால் மறுநாள் காரம் ஏறிக் கசக்கும். பிறகு சதகுப்பைத் தழை, சைவ்ஸ் எனப்படும் மெல்லிய வெங்காயத்தாள், பார்ஸ்லி. கடைசியில் எலுமிச்சைச் சாறும் மிளகும். மூடிக் குளிர்ப்பெட்டியில் ஒரு மணி நேரமாவது வைத்தால்தான் தழையின் மணம் கொழுப்பில் இறங்கும். காய்ந்த தழையாக இருந்தால் இன்னும் நேரம் பிடிக்கும். ஆனால் சதகுப்பையைக் காயவைத்தால் அதன் மணத்தில் பாதி போய்விடுகிறது. இவர் இன்றுவரை பச்சைத் தழை கிடைக்காத வாரத்தில் இந்தக் கலவையைச் செய்வதில்லை.

கலவையின் கதை கொலீட்டாவுக்கு மிகப் பக்கத்தில் நடந்தது என்பதைப் பாட்டிதான் சொன்னார். ஊருக்கு வடக்கே மலையேறும் சாலை சான் மார்க்கோஸ் கணவாய்க்குப் போகிறது. நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஸ்டீவ் ஹென்சன் என்பவர் அலாஸ்காவில் குழாய்ப் பணி ஒப்பந்தக்காரராக இருந்தார். அங்கே தன்னுடைய வேலையாட்களுக்குச் சமைத்துப் போட்டபோது பட்டர்மில்க்கும் மயோனைஸும் தழையும் வெங்காயமும் பூண்டும் சேர்த்து ஒரு கலவையைத் தேற்றியிருந்தார். 1954இல் அவரும் மனைவி கேலும் இந்தக் கணவாயில் ஒரு பண்ணையை வாங்கி ஹிடன் வேலி ரான்ச் என்று பெயரிட்டு, தங்கிச் செல்லும் விருந்தினருக்குச் சாப்பாடு போட்டார்கள். வந்தவர்கள் குதிரைச் சவாரியைவிடச் சாலட்டின் மேல் ஊற்றிய கலவையைத்தான் பேசினார்கள். வீட்டுக்குப் போகும்போது சீசாவில் கேட்டு வாங்கிப்போனார்கள். பிறகு தழையும் மசாலாவும் உலர்த்திய தூளாகத் தபாலில் போயிற்று. வாங்கியவர் தன் வீட்டு மயோனைஸிலும் பட்டர்மில்க்கிலும் கலந்துகொள்ள வேண்டியது. 1972இல் சலவைத் திரவம் தயாரிக்கும் கிளோராக்ஸ் நிறுவனம் அதை 80 லட்சம் டாலருக்கு வாங்கியது. 1983இல் குளிர்ப்பெட்டி இல்லாமலே அலமாரியில் நிற்கக்கூடிய பாட்டில் வந்தது. அதன்பின் ரான்ச் என்ற சுவை உருளைக்கிழங்கு வறுவலிலிருந்து பீட்சா வரை அமெரிக்காவின் எல்லாத் தீனிகளின் மேலும் ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஒரு மத்தியானம் பாட்டி இவரைத் தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டு அந்தக் கணவாய்ச் சாலையில் போனார். மலையில் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் கிளைச்சாலையில், ஓக் மர நிழலில், மரக்கட்டைச் சுவரோடு நிற்கிறது கோல்ட் ஸ்பிரிங் டேவர்ன். மலையைக் கடக்கும் குதிரை வண்டிகள் நின்று இளைப்பாறிப் போன பழைய விடுதி அது. அதை நடத்திய ஆட்ரி ஓவிங்டன் என்பவர்தான் ஹென்சனின் கலவையை முதன்முதலில் கடைக்கு வாங்கியவர். பாட்டியும் அவருடைய கணவரும் புதிதாக மணமாகி வந்த நாட்களில் அங்கே சாப்பிட்டிருக்கிறார்கள். எந்த மேசை என்று கைகாட்டினார். அன்று இருவரும் ஆர்டர் செய்தது சாலட்தான். பாட்டி ஒரு வாய் எடுத்துவிட்டு, "நாம் வீட்டில் செய்வதில் பார்ஸ்லி இன்னும் கொஞ்சம் இருக்கலாம்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. திரும்பும் வழி முழுக்கக் கடல் தெரிந்துகொண்டே வந்தது.

பாட்டிக்கு ரான்ச்சைவிடப் பிடித்தது அதற்கு மூத்தது. சான் பிரான்சிஸ்கோவில் மார்க்கெட் வீதியில் உள்ள பேலஸ் ஹோட்டலில் 1923இல் பிறந்தது கிரீன் காடெஸ் கலவை. அந்தப் பெயரில் வில்லியம் ஆர்ச்சர் எழுதிய நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஆர்லிஸ் என்ற நடிகருக்கு மரியாதையாக, தலைமைச் சமையல்காரர் பிலிப் ரோமர் செய்தது. இமயமலைக்குள் இருப்பதாகக் கற்பனை செய்த ஒரு ராஜ்யத்தின் ராஜாவாக ஆர்லிஸ் நடித்தார். பச்சை அம்மன் அந்த ராஜ்யத்தின் தெய்வம். மயோனைஸில் பார்ஸ்லி, சைவ்ஸ், டாரகன், டாரகன் ஊறிய வினிகர், பொடியாக அரிந்த நெத்திலி மீன் வகை என்று சேர்த்து, பச்சைப் பசேலென்று வரும். ஹென்சனின் பாக்கெட் வரும்வரை மேற்குக் கரையில் அதுதான் ராணி. இவருக்காகப் பாட்டி மீனை விட்டுவிட்டு, உப்பில் ஊறிய கேப்பர் மொட்டுகளை நசுக்கிப் போட்டுச் செய்துகொடுத்தார். டாரகனின் சோம்பு வாசனை இவருக்கு முதல் தடவையிலேயே பழகிய ஒன்றாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

ஒரு கோடையில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். இவர் இந்தத் தட்டைப் பெரிதாக அலங்கரித்து வைத்தார். அம்மா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துவிட்டு, "என்ன பாப்பா இது, அடுப்பே பத்த வைக்காம விருந்தா? வந்தவுகளுக்குப் பசியாற வேண்டாமா?" என்றார். வெள்ளரிக்காயை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காம்புப் பக்கம் ஒரு வில்லை வெட்டி, அதையே வெட்டிய இடத்தில் வைத்து நுரை வரும்வரை தேய்த்தார். கசப்பு இறங்குமாம். பக்கத்து வீட்டுப் பாட்டி அதைப் பார்த்துக் கையைத் தட்டிச் சிரித்தார். அவருடைய அம்மாவும் மிச்சிகனில் அப்படித்தான் தேய்ப்பாராம். வெள்ளரியில் கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டாசின் என்ற பொருள் காம்புப் பக்கத்திலும் தோலுக்கடியிலும்தான் அதிகம். இரண்டு கிழவிகளுக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. அன்றைக்கு இருந்த வெள்ளரி அத்தனையையும் சேர்ந்து தேய்த்தார்கள்.

அப்பா தட்டிலிருந்த ஒவ்வொரு காயையும் எடுத்து முதலில் முகர்ந்தார். மண்டிக்காரர் பழக்கம். பிறகுதான் கடித்தார். கலவையைத் தொடவேயில்லை. "காய் நல்ல காய்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது.

அப்பாவுக்கு ஊர் சுற்றிப்பார்ப்பதில் நாட்டமில்லை. விளைச்சலைப் பார்க்க வேண்டும் என்றார். மலைகளைத் தாண்டி பேக்கர்ஸ்ஃபீல்டு பக்கம் காரில் கூட்டிப்போனார்கள். சாலையோரமெல்லாம் கேரட் வயல். தழை நீக்கி அள்ளிய கேரட்டுகளை மலையாகச் சுமந்த லாரிகள். அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாப்பா, இங்க கழிவுக் காயை என்னம்மா பண்றாங்க?" என்று கேட்டார்.

கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். அந்தக் கேள்வியை அதே ஊரில் மைக் யூரோசெக் என்ற கேரட் விவசாயி தன்னிடமே கேட்டுக்கொண்டு, அதற்கு விடையும் கண்டிருந்தார். வளைந்ததும் உடைந்ததும் கோணலானதுமான கேரட்டைப் பல்பொருள் அங்காடிகள் வாங்குவதில்லை. டன் டன்னாகக் கழிவுக்கும் மாட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது. 1986இல் அவர், பீன்ஸ் நறுக்கும் தொழிற்சாலை இயந்திரத்தில் கேரட்டை விட்டார். இரண்டு அங்குலத் துண்டுகள் விழுந்தன. உருளைக்கிழங்குத் தோல் சீவும் இயந்திரத்தில் அவற்றை உருட்டி முனை மழுக்கினார். லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் அங்காடிக்கு வழக்கமான சரக்கோடு ஒரு பை அனுப்பிப் பார்த்தார். மறுநாளே அவர்கள், இனி எங்களுக்கு இது மட்டும் போதும் என்றார்களாம். குட்டிக் கேரட் என்று பையில் விற்பது குட்டியே அல்ல, பெரிய கேரட்டின் துண்டு. பின்னாளில் இதற்கென்றே நீளமும் ஒல்லியுமான ரகங்களைத் தேர்ந்தெடுத்து, நெருக்கி விதைக்க ஆரம்பித்தார்கள்.

இதைக் கேட்டு அப்பாவின் முகம் மலர்ந்துபோனது. "காயைக் காப்பாத்திட்டான்" என்றார். ஊருக்குப் போன பிறகும் மண்டியில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பேக்கர்ஸ்ஃபீல்டு விவசாயியின் கதையைச் சொல்லியிருக்கிறார். ஆனால் அங்காடியில் வாங்கிய பையைப் பிரித்து ஒன்றைக் கடித்துப் பார்த்தவர், இரண்டாவதை எடுக்கவில்லை. "தோலோட வாசமும் போயிருச்சு" என்றார். இவருடைய தராசிலும் அந்த இரண்டு வாக்கியங்களும் சமமாகவே நிற்கின்றன. கழிவில் போகவிருந்த காயை மனிதர் வாய்க்குக் கொண்டுவந்தது பெரிய காரியம். அதற்காக அது நல்ல கேரட் ஆகிவிடாது. தோல் சீவிய கேரட்டின் மேற்பரப்பு காற்றில் காய்ந்து வெண்மை பூக்கிறது. தழையோடு வாங்கி, அன்றே நீளவாக்கில் சீவிய கேரட்டில் அது இருப்பதில்லை. தட்டில் பரிமாற எது தகுதி என்று கேட்டால் இவர் இரண்டாவதைத்தான் காட்டுவார்.

நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் மதிய விருந்துகளில் இவர் பார்த்த மாற்றம் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் யாராவது ஒருவர் வீட்டில் நறுக்கி, ஈரத்துணி போட்டு மூடிக் கொண்டுவருவார். கொஞ்ச வருஷத்தில் கறுப்பு பிளாஸ்டிக் வட்டத்தட்டு வந்தது. ஆறு அறை, நடுவில் மூடி ஒட்டிய ரான்ச், சுற்றிலும் மழுக்கிய குட்டிக் கேரட், ஓரம் காய்ந்த செலரி, பாதி சிவந்த குட்டித் தக்காளி. சூப்பர் பௌல் கால்பந்து ஆட்டத்தன்று அங்காடி வாசலிலேயே அவை கோபுரமாக அடுக்கியிருக்கும். எல்லோரும் கோழி இறக்கையைத் தின்றுவிட்டு, தட்டை அப்படியே விட்டுப்போவார்கள். காய்கறி யாருக்கும் பிடிப்பதில்லை என்று சிலர் வருத்தப்படுவார்கள். இவர் அதை ஒத்துக்கொள்வதில்லை. பல நாள் முன்பு எங்கோ நறுக்கிய காய் உள்ளே இருந்த நீரை இழந்துவிட்டது. அதை மறுக்கிற நாக்கு சரியாகத்தான் மறுக்கிறது. அதே ஆட்களுக்கு இவர் பனிநீரில் போட்டெடுத்த முள்ளங்கியும் பட்டாணியும் பச்சைச் சதகுப்பைக் கலவையும் வைத்தபோது, கோழி இறக்கை ஆறிக் கிடந்தது.

கொரோனாவுக்குப் பிறகு இன்னொரு மாற்றம். எல்லோரும் ஒரே கிண்ணத்தில் தொடுவது குறைந்துபோயிற்று. கடித்த துண்டை மறுபடி தொடுவது முன்பும் மரியாதைக்குறைவுதான், எச்சில் என்ற கணக்கு நமக்கு மட்டும் உரியதல்ல. இப்போது சிறுசிறு கண்ணாடிக் குவளைகளில் அடியில் இரண்டு ஸ்பூன் கலவையை விட்டு, அதில் கேரட்டையும் செலரியையும் வெள்ளரியையும் குத்தி நிற்கவைத்து ஆளுக்கொன்றாகக் கொடுக்கிறார்கள். செலரி மறுபடியும் குவளையில் ஏறிவிட்டது. இதைப் பார்க்கப் பாட்டி இல்லை. பார்த்திருந்தால் அலமாரியைத் திறந்திருப்பார்.

அவருடைய மகன் வீட்டைக் காலி செய்தபோது நீலக் கிண்ணத்தை இவரிடம் கொடுத்துப்போனார். அதை இவர் இன்னொரு பெரிய பாத்திரத்தில் பனிக்கட்டி நிரப்பி அதற்குள் பதித்து வைக்கிறார். பாலும் மயோனைஸும் சேர்ந்த கலவை வெளியே இரண்டு மணி நேரத்துக்குமேல் இருக்கக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. திண்டுக்கல் வெயிலில் இதைச் செய்ய நினைப்பவர்கள் இந்தக் கணக்கை இன்னும் கண்டிப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். ஊருக்குப் போயிருந்தபோது இவர் சவர் கிரீமுக்குப் பதில் தயிரைத் துணியில் கட்டி இரவெல்லாம் தொங்கவிட்டு, அந்தக் கெட்டித் தயிரில் செய்து பார்த்தார். நன்றாகவே வந்தது. சதகுப்பைத் தழைக்குத்தான் அலைய வேண்டியிருந்தது. கொடைக்கானல் கேரட்டும் தம்பி மண்டியிலிருந்து எடுத்துவந்த பிஞ்சு வெள்ளரியும் கலிபோர்னியக் காய்க்குக் கொஞ்சமும் இளைத்தவையல்ல.

போன வாரம் பேத்தியின் பள்ளியில் கண்காட்சி. வீட்டுக்கொரு பண்டம். பேத்தி, "அம்மாச்சி, நான் முள்ளங்கி கீறுறேன், நீங்க கலவையைப் பாத்துக்கங்க" என்று கத்தியோடு வந்து நின்றாள். மகளுக்குக் கிரேக்கத் தயிரில் செய்யவேண்டும் என்று ஆசை, இவருக்குச் சவர் கிரீமை விட மனமில்லை, பாதிப் பாதியாக முடிந்தது. ஊதா கேரட், மஞ்சள் கேரட், உள்ளே தர்பூசணி நிறமாக இருக்கும் பெரிய முள்ளங்கி என்று இப்போது சந்தையில் என்னென்னவோ கிடைக்கின்றன. பேத்தி எல்லாவற்றிலும் ஒவ்வொன்று எடுத்து வைத்தாள். துண்டால் துடைக்கும் வேலையை அவளாகவே செய்தாள்.

மிஞ்சிய காய்க்குத் தனி ஏற்பாடு உண்டு. பாட்டி வீட்டில் அது மறுநாள் சூப்பாகும். இவர் வீட்டில் கேரட்டும் காலிஃபிளவரும் பீன்ஸும் கூட்டுக்குப் போகும், முள்ளங்கி சாம்பாருக்குப் போகும், செலரி இலை பொடியாக அரிந்து ரசத்தின் மேல் விழும். மிஞ்சிய கலவையில் இன்னும் இரண்டு கரண்டி பட்டர்மில்க் விட்டுத் தளர்த்தி, வெந்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றித் திங்கட்கிழமை பேத்தியின் மதியச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து அனுப்புகிறார். டப்பா காலியாகத் திரும்பி வருகிறது, கூடவே தோழிக்கும் சேர்த்து வையுங்கள் என்ற கோரிக்கையும்.